நிலப்போர்வையை வகைப்படுத்த உதவும் எல்சிசிஎஸ் மென்பொருள்: ஒரு மதிப்பீடு

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாக, ஈரம் காய்வதற்குள் நெற்பயிருக்கு நடுவிலேயே தெளிக்கும் உளுந்தை 'நெல் தரிசு உளுந்து' என்பார்கள். பெயரில்தான் தரிசு, மாசியில் போய்ப் பார்த்தால் வயல் பச்சென்று இருக்கும். இந்த வயலை ஒரு வரைபடம் தரிசு என்றும் மற்றொன்று பயிர்நிலம் என்றும் குறித்தால், இரண்டையும் ஒப்பிடுபவர் நடக்காத மாற்றத்தை நடந்ததாக எழுத நேரிடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க நான் பயன்படுத்திய கருவிகளில் ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் எல்சிசிஎஸ் (LCCS, நிலப்போர்வை வகைப்பாட்டு முறை) மென்பொருளையே முதலில் பரிந்துரைப்பேன்.

2000-இல் வெளிவந்து 2005-இல் இரண்டாம் பதிப்பைக் கண்ட இது, நிலத்தின் பெயரைக் கேட்பதில்லை. நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்றே கேட்கிறது. ஆண்டில் இரண்டு மாதமாவது குறைந்தது 4 சதவீதப் பரப்பைத் தாவரம் மூடியிருக்கிறதா, அங்கே நீர் தேங்குகிறதா, வளர்ந்திருப்பது பயிரா இயற்கைத் தாவரமா என்ற கேள்விகளுக்குப் பதில் சொன்னால், எட்டுப் பெரும் பிரிவுகளில் ஒன்று கிடைக்கும். நெல்வயல் நீர்சார் பயிர்நிலத்தில் சேரும். அதன் பிறகு தாவர வடிவம், நீர் நிற்கும் காலம், அடுத்தடுத்து வரும் பயிர்கள் என விவரங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். தேர்வுகள் அனைத்தும் குறியீடாகப் பதிவாவதால், பிரிவுக்கு நாம் என்ன பெயர் வைத்தாலும் அதன் பொருள் மாறாது.

மூன்றாம் பதிப்பு, 2012-இல் ஐஎஸ்ஓ 19144-2 என்ற சர்வதேசத் தரநிலையாக ஏற்கப்பட்ட, நிலப்போர்வையை விவரிக்கும் எல்சிஎம்எல் (LCML) மொழியின் மேல் நிற்கிறது. மேலே தென்னை, கீழே கோகோ என்று பொள்ளாச்சித் தோப்புகளில் காண்பதை அடுக்கு அடுக்காக அப்படியே எழுத முடிவது இதன் பெரிய பலம். இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், 1 ஹெக்டேருக்கு மேற்பட்டு, 10 சதவீதத்துக்கு மேல் விதான அடர்த்தி (மரக்கிளைகள் மேலிருந்து மூடும் பரப்பு) இருந்தால் இதே தோப்பு காட்டுப் போர்வையில் சேர்ந்துவிடும். ஆனால் எல்சிசிஎஸ்ஸில் அடுக்கடுக்காக எழுதக் கிடைக்கும் இந்தச் சுதந்திரத்தால் ஒரே தோப்பை இருவர் இரு விதமாக எழுதவும் கூடும் என்பதால், குழு முன்கூட்டியே விதிகளை வகுத்துக்கொள்ள வேண்டும்.

பயன்படுத்தும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது செயற்கைக்கோள் படத்தைப் பகுக்காது, அதற்கு கியூஜிஐஎஸ் போன்ற வேறு மென்பொருள் வேண்டும். பழைய வரைபடத்தின் பிரிவுகளை இதற்கு மாற்றித் தர வசதி உண்டு என்றாலும், அந்த வரைபடம் வரம்புகளைச் சொல்லாமல் 'காடு' என்று மட்டும் எழுதியிருந்தால் விடுபட்டதை இது நிரப்பாது.

புதியவர்கள் இரண்டாம் பதிப்பிலிருந்து தொடங்குவது நல்லது. ஐப்பசியில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை அதே வரப்பில் நின்று அதன் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்; இரண்டு பதில்களையும் ஒரே வயலின் ஒரே பதிவுக்குள் வைக்க அதில் இடம் இருக்கிறது.