காமா சீரியம் சல்ஃபைடு: 5 ஆண்டுகள் புழங்கிய அனுபவம்

காட்மியம் சிவப்பு என்ற நிறமிக்கு மாற்றுத் தேடித்தான், சீரியம் என்ற உலோகமும் கந்தகமும் சேர்ந்த இந்தச் சிவப்பு நிறமியிடம் வந்தேன். 5 ஆண்டுகளாக நானே தயாரித்து, பிளாஸ்டிக்கில் கலந்து, சூட்டிலும் ஈரத்திலும் வைத்துப் பார்த்து வருகிறேன். இந்தச் சிவப்பை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதைப் பெறுவதும் காப்பதும் லேசுப்பட்ட வேலையல்ல.

இரண்டு சீரியத்துக்கு மூன்று கந்தகம் என்ற கணக்கு சரியாக வந்துவிட்டால் போதாது. அதே கணக்கில் அணுக்கள் வெவ்வேறு விதமாக அடுங்கிப் பல படிக வடிவங்கள் வரும். ஆல்ஃபா வடிவம் கரும்பழுப்பு; காமா மட்டும்தான் குன்றிமணிச் சிவப்பு. சோடியம் சேர்க்காமல் காமா வேண்டுமென்றால் 1100 பாகை செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டில் துகள்கள் ஒட்டிப் பெருத்துவிடும், அரைத்தால் நிறம் செத்துவிடும். என் முதல் ஆண்டு முழுக்க இதிலேயே போயிற்று.

வழிவிட்டது சோடியம்தான். காமா படிகத்தில் உலோக அயனிக்கான 9 இடங்களில் ஒன்று காலி. சோடியம் அங்கே போய் உட்கார்ந்தால் அமைப்பு நிலைத்து, 800 முதல் 900 பாகைக்குள்ளேயே சிவப்பு கிடைக்கிறது. சீரியம் ஆக்சைடில் சிறிது சோடியம் கார்பனேட் கலந்து கிராஃபைட் படகில் பரப்பிக் குழாய் உலைக்குள் வைக்கிறேன். ஆர்கானைக் கார்பன் டைசல்ஃபைடு வழியாகக் குமிழவிட்டு அந்த ஆவியை உள்ளே செலுத்துகிறேன். அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவிலும் செய்யலாம். ஆனால் கார்பன் டைசல்ஃபைடில் உள்ள கார்பனும் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போவதால் வேலை சுத்தமாக முடிகிறது.

ஆக்சிஜன்தான் பரம எதிரி. ஒருமுறை படகை வெளியே எடுத்தபோது நடுவில் அருமையான சிவப்பு, ஓரத்தில் சேலைக் கரை போலக் கருங்காவி. உலை மூடியின் ரப்பர் வளையத்தில் மயிரிழை அளவு விரிசல்! பீட்டா என்று முன்பு தனி வடிவமாகச் சொல்லப்பட்டதே உண்மையில் ஆக்சிஜன் புகுந்த சல்ஃபைடுதான்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. கார்பன் டைசல்ஃபைடு ஆவி சுமார் 90 பாகையிலேயே தானாகத் தீப்பிடிக்கும். சூடான தட்டு பக்கத்தில் இருந்தாலே ஆபத்து. வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசலில் கழுவுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. மீட்டரை மட்டும் நம்புங்கள்.

இனி பயன்பாடு. சுமார் 280 பாகையில் வார்க்கும் நைலானில் நிறம் அசையவில்லை. காற்றில் 350 பாகையைத் தாண்டினால் ஆக்சிஜனேற்றம் தொடங்கி, கடைசியில் வெளிர்மஞ்சள் ஆக்சைடுதான் மிஞ்சும். நிறத்தை ஆரஞ்சுப் பக்கம் நகர்த்த, லாந்தனம் என்ற உலோகத்தைச் சேர்க்கலாம்.

பலவீனம் ஈரமும் அமிலமும். இரண்டாண்டுப் பழைய பொடியை ஈரமான ஜாடியில் மூடி, ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் கறுக்கும் லெட் அசிட்டேட் (ஈய உப்பு) தாள் ஒன்றைத் தொங்கவிட்டேன். ஒரு வாரத்தில் தாள் பழுத்துப் பழுப்பாகிவிட்டது: பொடி மெல்ல ஹைட்ரஜன் சல்ஃபைடை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஈயம் கலந்த நிலைப்படுத்தி (பிளாஸ்டிக் சூட்டில் சிதையாமல் காக்கும் பொருள்) உள்ள பிவிசியில் இந்த நிறமியைச் சேர்த்து ஒரு தகடு முழுவதும் கருங்கோடு விழுந்ததும், அந்த வாயு ஈயத்தோடு சேர்ந்து கறுத்ததால்தான். அந்தச் சேர்க்கை வேண்டவே வேண்டாம்.

இப்போது ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிய சிலிக்கா பூச்சு கொடுக்கிறேன். பூச்சிட்ட பொடியை அதே ஜாடியில் வைத்து 14 மாதமாகிறது. இன்று காலை பார்த்தேன், தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.