சனி ஞாயிறும் நாலு கொப்பியும்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு ரிவி மேசையின் லாச்சிக்குள் நாலு கொப்பிகள் இருக்கின்றன. விஜய் ரிவியின் சூப்பர் சிங்கர் ஜூனியரில் 2015இல் ஜெசிக்கா இறுதிச் சுற்றுக்குப் போன நேரம் முதலாவதைத் தொடங்கினோம். கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒன்று மேடையில் நிற்கும்போது சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை, புள்ளி போடத் தொடங்கிவிட்டோம். பிறகு ஜீ தமிழின் சரிகமபவும் சேர்ந்தது. இந்திய நேரமும் எங்கள் நேரமும் ஒன்று என்பது பெரிய வசதி. விளக்கு வைத்து, பிளேன்டீயும் கச்சானும் கொண்டுவந்து வைத்தால் நிகழ்ச்சி தொடங்கச் சரியாக இருக்கும்.

ஒரே ஒரு சட்டம்தான். பாட்டு முடிந்த உடனே ரிவியின் சத்தத்தை அமத்திவிட வேண்டும். நடுவர்கள் வாயசைப்பது மட்டும் தெரியும். அதற்குள் ஒவ்வொருவரும் பத்துக்கு எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நடுவர் சொன்னதைக் கேட்டுவிட்டுப் புள்ளி போட்டால் அது நடுவரின் காது, உங்களுடையதல்ல.

மாமி பாட்டுக்கு ஏழு, உடுப்புக்கு மூன்று என்று பிரித்து வைத்திருக்கிறா. தங்கச்சியின் மகன் அரை, கால் என்று இழுப்பான். அம்மம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எந்தப் பிள்ளை பாடினாலும் பத்து. ஒருமுறை நான் ஆறு போட்டதைக் கண்டுவிட்டா.

"என்ன மனே, அழுதுகொண்டு நிக்கிற புள்ளைக்கு ஆறு போடுறதா? அழிச்சுப்போட்டு பத்தைப் போடு."

தடிமனோடு வந்து பாடிய பையன் ஒருவனுக்குப் பதினொன்று போட வைத்தா. அந்தப் பதினொன்று இரண்டாம் கொப்பியில் வட்டம் போட்டபடி இன்றும் இருக்கிறது.

எங்கள் காதைத் திருத்தியது மாமா. அவர் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், எங்கள் பக்கத்து மரபுக் கூத்தான வடமோடியைப் பழக்கிய அண்ணாவியார். முதல் மூன்று வருடமும் விறாந்தையில் ரிவிக்கு முதுகு காட்டித்தான் இருந்தார். 2018இல் சூப்பர் சிங்கரில் செந்தில் கணேஷின் நாட்டுப்புறக் குரல் கேட்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். செந்தில் பட்டம் வெல்லும்வரை ஒரு கிழமையும் விடவில்லை.

மாமாவின் கேள்வி ஒன்றுதான்: "சொல் விளங்குதா?" கூத்தாடும் களரியைச் சுற்றி இருக்கிற சனத்துக்கு விடியும்வரை தொண்டையால் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். எல்லோரும் கைதட்டிய ஒரு டூயட்டை அடுத்த நாள் ஃபோனில் திரும்பப் போடச் சொன்னார். கதிரைக் கையில் மோதிரத்தால் தாளம் தட்டிக்கொண்டே வந்தவர், முதல் வரி முடிகிற இடத்தில் விரலைத் தூக்கினார். கடைசிச் சொல்லில் பாதி இல்லை. மூச்சுக்காக விழுங்கியிருந்தது. ஐந்து பேர் கேட்டும் பிடிபடாத பிழை, விரல் நின்ற இடத்தில் பளிச்சென்று கேட்டது. அதற்குப் பிறகு கொப்பியில் 'சொல்' என்று தனி நிரல் போட்டோம்.

முதல் கொப்பியில் எங்கள் புள்ளியும் நடுவர்களின் தீர்ப்பும் கிழக்கும் மேற்குமாக இருக்கும். நாலாவதில் அநேகமாகப் பொருந்திவருகிறது. பெரிய குரல் யாருக்கு என்று இப்போது நாங்கள் பார்ப்பதில்லை. தன் சுருதிக் கட்டைக்குள் நின்று பாடுவது யார், நாலாம் கிழமையில் களைப்பது யார் என்று பார்க்கிறோம். இறுதிச் சுற்றை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

பிடிக்காதது ஒன்று உண்டு. வெளியேற்றப்படும் சின்னப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டக் கமராவைக் கொண்டுபோய்ச் சோக இசை போடுவது, எந்த நிகழ்ச்சி செய்தாலும் பிழைதான். அந்த நேரம் அம்மம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பா.

2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா சரிகமபவில் வென்ற இரவு எங்கள் ஒழுங்கையில் வெடி கொளுத்தினார்கள். அம்மம்மா கொப்பியைக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் காட்டினா. "பாத்தியளா, நான் எல்லாக் கிழமையும் பத்துத்தானே போட்டன்!"

மூன்றாம் கொப்பியில் மட்டும் வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போன காலம். ஒரு ஞாயிறு நிகழ்ச்சி தொடங்கி முதல் பாட்டிலேயே இருட்டு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மாமா தொண்டையைச் செருமி, கூத்தில் தான் ஆடிய அருச்சுனன் வரவுப் பாட்டை எடுத்தார். மாமி கூத்துத் தாளமான சல்லாரிக்குப் பதிலாக இரண்டு சில்வர் மூடியைத் தட்டினா. பக்கத்து வீட்டுக்காரரும் வேலியடிக்கு வந்துவிட்டார்கள். முடிந்ததும் மெழுகுதிரி வெளிச்சத்தில் கொப்பியை விரித்துப் புள்ளி கேட்டேன். எல்லோரும் பத்து. அம்மம்மா மட்டும் ஒன்பது என்றா. அவவின் நிரலில் இருக்கிற ஒரே ஒன்பது அதுதான்.

ஏன் அம்மம்மா என்று கேட்டேன்.

"நம்மட புள்ளைக்குக் கூட்டிப் போட்டா சனம் என்ன சொல்லும் மனே?"