கேஸ் பஸ்ஸா, கரன்ட் பஸ்ஸா? பெருந்துறைப் பக்கத்துக் கணக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தில் பஸ்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. பழைய டீசல் பஸ்கள் நான்கைக் கழித்தபோது இரண்டு சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) பஸ், இரண்டு மின்சார பஸ் வாங்கினோம். இரண்டு கோடை ஓட்டிப் பார்த்தாயிற்று. என் ஓட்டு மின்சாரத்துக்குத்தான்.

புகை, சத்தம் என்று பார்த்தால் இரண்டுமே டீசலுக்குத் தேவலை. வாங்கும் விலையில் சிஎன்ஜி ஜெயிக்கிறது. மின்சார பஸ் டீசல் பஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நிர்வாகக் கூட்டத்தில் அந்தத் தொகையைப் படித்ததும் யாரும் டீயைத் தொடவில்லை.

ஆனால் பஸ் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் அந்தியூர் ரூட் ஊர் ஊராகச் சுற்றி, ஒரு நடைக்கு 45 கிலோமீட்டர். ராத்திரி பஸ் டிரைவரின் ஊரிலேயே ஹால்ட். காலை எட்டே முக்காலுக்குக் கேம்பஸ் வந்தால் சாயங்காலம் நாலரை வரை வேப்பமரத்தடியில் சும்மா நிற்கும். வெயில் காயும் அதே நேரம்தான் எங்கள் கட்டட மாடிகளில் சோலார் நன்றாக வேலை செய்யும் நேரமும். கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு யூனிட் என்றால், சாயங்கால நடைக்கும் மறுநாள் காலை நடைக்கும் சேர்த்து 90 யூனிட். 60 கிலோவாட் சார்ஜரில் ரெண்டு மணி நேரம் போதும். டிரைவர் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இரண்டு மின்சார பஸ்ஸையும் ஒரே நேரத்தில் மாட்டினால் மாதாந்திர பில்லில் டிமாண்ட் சார்ஜ், அதாவது ஒரே நேரத்தில் அதிகபட்சமாக இழுக்கும் கரன்ட்டுக்கான கட்டணம், எகிறும். ஒன்று காலை, ஒன்று மதியம் என்று முறை வைத்திருக்கிறோம்.

சிஎன்ஜியில் அந்த நிற்கிற நேரம் பங்க்கில் கழிகிறது. நாங்கள் போகும் பங்க்குக்கு பைப்லைன் கிடையாது; லாரியில் சிலிண்டர் அடுக்கில்தான் கேஸ் வரும். அடுக்கு காலியாகக் காலியாகப் பிரஷர் இறங்கும். 200 பார் வரை ஏற வேண்டிய டாங்கில் 150 தாண்டினால் அன்று அதிர்ஷ்டம். ஆட்டோக்களுக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் எங்கள் மூத்த டிரைவர் ஒருநாள் சொன்னார்: "சார், ஓட்டறதுக்கு ஒண்ணும் குறையில்லீங்க. கியூவுலயே பொழுது போயிருதுங்க." அதுபோக மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர்களைக் கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துத் தாங்குகிறதா என்று பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். சான்று காலாவதியானால் கேஸ் பிடிக்கக் கூடாது. பைப்லைன் பங்க் பக்கத்திலேயே இருக்கிற கல்லூரிக்கு இந்தக் கணக்கு மாறலாம்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் அடக்கி வாசிக்கிறேன். ஈரோட்டு வெயிலில் எட்டாவது வருடம் அது எப்படி இருக்கும் என்று சொல்ல இரண்டு கோடை அனுபவம் போதாது. ஊட்டி டூருக்கு இன்னும் டீசல் பஸ்ஸைத்தான் அனுப்புகிறேன். மறுவிற்பனையும் அப்படியே. பழைய டீசல் பஸ் என்றால் புரோக்கர் கேட்டுக்கே வந்து நிற்பார். மின்சார பஸ்ஸுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அஞ்சு வருசம் போகட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

அடுத்த பட்ஜெட்டில் இன்னும் இரண்டு மின்சார பஸ்ஸும் ஒரு சார்ஜரும் கேட்டு எழுதியிருக்கிறேன். வேப்பமரத்தடியில் இடம் இருக்கிறது.