மூன்றடி ராம்ப்போடு ஊருக்குப் போய் வந்தேன்

அம்மா போன முறை ஊருக்கு வந்தபோது கைத்தடி ஊன்றி நடந்தார். இந்த முறை வீல்சேர். படி ஏறாது; சக்கரம் ஏற ராம்ப், அதாவது சரிவுப் பாதை வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தங்கச்சியிடம் போனில் கேட்டேன், "வீட்டுல ராம்ப் இருக்கா?" என்று. "இருக்கே அண்ணா, கேட்டுக்குப் பக்கத்துலயே" என்றாள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. எத்தனை அங்குலம் ஏறுகிறது, எத்தனை அடி நீளம் என்ற இரண்டு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தப் பயணத்தின் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

வெளியே போகும் இடங்களுக்கு இருக்கட்டும் என்று, பெட்டி போல நடுவில் மடித்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிற அலுமினிய ராம்ப் ஒன்று வாங்கினேன். ஐந்தடி வாங்கத்தான் ஆசை. விமானத்தில் போடும் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 158 செ.மீ. என்பதுதான் பொதுவான வரம்பு. ஐந்தடி ராம்ப்பின் நீளமே 152 செ.மீ. அதனால் மூன்றடி. மடித்தால் 91, 38, 13, கூட்டினால் 142. எடை 8 கிலோ. வரம்புக்குள் அடங்கிவிட்ட திருப்தியில் இருந்தேன். படிக்கட்டைப் பார்த்து வாங்க வேண்டிய சாமானைப் பெட்டி அளவைப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்பது போய் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

அதற்கு முன்னால் டிக்கெட்டிலேயே ஒரு தப்பு. வீல்சேர் உதவிக்கு விமான நிறுவனங்கள் மூன்று குறியீடு வைத்திருக்கின்றன: டபிள்யூ.சி.எச்.ஆர்., டபிள்யூ.சி.எச்.எஸ்., டபிள்யூ.சி.எச்.சி. ஆர் என்றால் ராம்ப் என்று போட்டிருந்ததா, நமக்கு வேண்டியது இதுதானே என்று அதையே தேர்ந்தெடுத்துவிட்டேன். அந்த ராம்ப் நம் சரிவுப் பலகை இல்லை. விமானம் நிற்கிற தளத்துக்கு அவர்கள் பாஷையில் ராம்ப் என்று பெயர். ஆர் போட்டால் "தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார்" என்று அர்த்தம். எஸ் என்றால் படி ஏற முடியாது. சி என்றால் சீட் வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். இறங்கிய இடத்தில் விமானம் தள்ளி நின்றது, கீழே போகப் படிக்கட்டு. எல்லோரும் இறங்கின பிறகு, பெட்டியோடு மேலே எழும்பி வருகிற லாரி ஒன்றை வரவழைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டதைத்தான் கொடுத்தார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தால், தங்கச்சி சொன்ன ராம்ப் கேட்டில் பைக் ஏற்றப் போட்ட சரிவு. இரண்டரை அடி நீளத்துக்குள் 9 அங்குலம் ஏற்றம். பைக் வழுக்காமல் இருக்க விரற்கடை ஆழத்துக்குக் குறுக்கே பள்ளம் வெட்டியிருந்தார்கள். வீல்சேரின் முன்சக்கரம் சின்னது. முதல் பள்ளத்திலேயே சிக்கிக்கொண்டு திரும்பி நின்றது. அதைத் தாண்டினால் வாசலில் மூன்று படி, மொத்தம் 18 அங்குலம். என் ராம்ப்பை அதில் சாய்த்துப் பார்த்தேன். ஏணி மாதிரி நின்றது.

ராத்திரி நேரம், அம்மாவுக்கும் அலுப்பு. தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நாற்காலியோடு தூக்கினார்கள். பெரியவன் கைதாங்கியைப் பிடித்துத் தூக்கினான். அது கழற்றி மாட்டுகிற கைதாங்கி. இரண்டாவது படியில் அது மட்டும் தனியாக அவன் கையோடு மேலே வந்துவிட்டது. சின்னவன் அடிச்சட்டத்தைப் பிடித்திருந்ததாலும் நான் பின்னால் முட்டுக் கொடுத்திருந்ததாலும் அம்மா விழவில்லை. "டேய், என்னை இறக்கி வைங்கடா, நான் இங்கேயே படுத்துக்கிறேன்" என்றார். தூக்கியே ஆக வேண்டும் என்றால் கழலாத சட்டத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். கைதாங்கியும் கால்தாங்கியும் பிடிக்கிற இடமே இல்லை.

மறுநாள் காலையில் அளவு டேப்போடு உட்கார்ந்தேன். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி சரிவு, அதாவது 1:12. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலையில் அதிகபட்சச் சரிவு இதுதான். ஏதோ சட்டக் கணக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. தள்ளுகிறவர் கைக்கு அது தெரியும். அம்மாவும் நாற்காலியும் சேர்ந்து 80 கிலோ. 1:12 சரிவில் அதில் ஏறக்குறைய 7 கிலோதான் நம் கையில் நிற்கும். 1:6 என்றால் 13 கிலோ. 1:4 என்றால் 19 தாண்டும். மூன்றடிப் பலகையை 18 அங்குலத்துக்குச் சாய்த்தால் 40 கிலோ, பாதி எடை! நடுவில் கை நழுவினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. நகர்த்துகிற ராம்ப்களுக்கு, பின்னால் ஆள் பிடித்துத் தள்ளுவதாக இருந்தால் 1:6 வரைக்கும் போகலாம் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அந்தக் கணக்கில் என் மூன்றடி 6 அங்குலத்தோடு சரி.

முன்வாசலின் 18 அங்குலத்துக்கு 18 அடி சரிவு வேண்டும். படிக்கும் கேட்டுக்கும் நடுவே இருப்பதோ 9 அடி. வளைத்துக் கொண்டுபோகலாம்; திரும்புகிற இடத்தில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டால் துளசிச் செடி, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி எல்லாம் இடம் மாற வேண்டும். டேப்பை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் பின்வாசல் கண்ணில் பட்டது. எப்போதோ மண் கொட்டி மேடாக்கிய இடம். அங்கே வெளியிலிருந்து உள்தளத்துக்கு 7 அங்குலம்தான். கதவின் திறப்பு 29 அங்குலம், நாற்காலி 25.

"ஏன்டா, நான் என்ன திருடியா, பின்பக்கமா வர்றதுக்கு?" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அந்த வாசல்படியில் உட்கார்ந்து பூக்கட்டிய காலம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

கொத்தனார் நல்ல வேலைக்காரர், ஆனால் முடிவோடு வந்தார். "7 அங்குலத்துக்கு ரெண்டடி போதும் சார், பைக்கே ஏறுதே." ஏழடிக்குச் சம்மதிக்க வைத்துவிட்டேன். ஆனால் மேலே கதவுக்கு முன்னால் ஐந்தடி சமதளம் கேட்டபோது, சும்மா எதற்கு இடம் என்று மறுபடி ஆரம்பித்தார். வாயால் சொல்லிப் பயனில்லை என்று என் மூன்றடிப் பலகையைப் பின்வாசலில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு, அவரையே வீல்சேரில் உட்கார வைத்தேன். பலகை மேல் கொண்டுபோய் நிறுத்தி, "கதவைத் திறங்க" என்றேன். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்தார், மறு கையை நீட்டினார், நாற்காலி பின்னால் நழுவியது. நான் பிடித்துக்கொண்டேன். "சரி சார், அஞ்சடி" என்றார்.

அதற்குப் பிறகு அவரே முன்னின்று செய்தார். ரசமட்டம் வைத்துச் சரிவு பார்த்தார். ஓரங்களில் சக்கரம் வழுவிக் கீழே போகாமல் இரண்டு அங்குலக் கரை கட்டினார். வழவழவென்று பூசாமல், ஈரம் காய்வதற்குள் துடைப்பத்தால் குறுக்கே மெல்லிய கோடு இழுத்தார்; மழையில் வழுக்காது, முன்சக்கரமும் சிக்காது. கீழ்நுனி தரையோடு சேரும் இடத்தைத்தான் நான் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அரை அங்குலம் நிமிர்ந்து நின்றாலே நாற்காலி முட்டி நிற்கும். அம்மா முன்னால் சாய்வார்.

தண்ணீர் ஊற்றி ஒரு வாரம் விட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் பக்கத்திலேயே மூன்றடிப் பலகை. 7 அங்குலத்துக்கு அது 1:5, கொஞ்சம் மீறல்தான். அதனால் எப்போதும் இரண்டு பேர். முதல் தடவை சக்கரம் ஏறுவதற்கு முன்பே கால்தாங்கியின் நுனி பலகையில் இடித்தது. ஸ்பேனரால் ஓர் ஓட்டை மேலே ஏற்றி மாட்டினேன். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும், தள்ளுகிறவர் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்க வேண்டும். அம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. "எங்க போறோம்னே தெரியலடா" என்பார் ஒவ்வொரு தடவையும்.

வெளியில் அதே பலகை கைகொடுத்தது. நான்கு, ஐந்து அங்குலத்தில் ஒரே ஒரு படி இருக்கும் இடங்கள் எத்தனை என்று அப்போதுதான் கவனித்தேன். ஓர் இடத்தில் மட்டும், பளபளக்கும் டைல்ஸ் மேல் மேல்நுனியை வைத்தபோது பாதியில் பலகை பின்னால் நகர்ந்தது. அன்றிலிருந்து பையில் ஒரு ரப்பர் விரிப்புத் துண்டு.

சொந்தக்காரர் ஒருவர் இரண்டு நீளத் தண்டவாளம் மாதிரி ராம்ப் வைத்திருந்தார், குழல் போல இழுத்து நீட்டுவது. எடுத்துப்போக லேசு, நீளமும் கிடைக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு அப்படியே இருக்கிறது. தள்ளிக்கொண்டே படியும் ஏற வேண்டும். இடறினால் எல்லோரும் கீழே. வேனில் காலி நாற்காலியை ஏற்ற அருமையான சாமான். ஆள் உட்கார்ந்திருக்கும்போது வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இரண்டு நாள் தங்கிய விடுதியில் "ராம்ப் உண்டு" என்று போனில் சொல்லியிருந்தார்கள். பொய் இல்லை. கிடங்கிலிருந்து ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள், சாமான் வண்டி ஏற்றுவது. கரை இல்லை, நடுவில் வளைந்தது. ஒரு மருத்துவமனையில் சரிவு அளவெடுத்தது போல இருந்தது. ஆனால் அதன் கீழ்நுனியை மறித்து மூன்று பைக் நிறுத்தியிருந்தார்கள். காவலாளி வந்து சாவிக்காரர்களைத் தேடிக் கூப்பிட்டார். இப்போதெல்லாம் "ராம்ப் இருக்கா" என்று நான் கேட்பதில்லை. படிப் பக்கத்தில் டேப்பை நிறுத்தி ஒரு போட்டோ, சரிவின் நீளத்தைக் காட்டி ஒரு போட்டோ அனுப்பச் சொல்கிறேன். பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

குளியலறை மட்டும் பாக்கி. நிலைப்படி வெளிப்பக்கம் ஓர் அங்குலம், உள்ளே மூன்று அங்குல இறக்கம், கதவு வேறு உள்பக்கம் திறக்கிறது. இறக்கத்தில் சரிவுக்காக ரப்பர் ஆப்பு வைத்தால் கதவு அதில் இடிக்கும். கதவை வெளிப்பக்கம் திறப்பது போல மாற்றித் தருகிறேன் என்று தச்சர் சொல்லியிருக்கிறார். போன வாரம் தங்கச்சி கூப்பிட்டாள். கதவு இன்னும் மாறவில்லையாம். பின்வாசல் சரிவில் மட்டும் காலி சிலிண்டரை உருட்டி இறக்குகிறார்களாம், யாருக்கும் முதுகு வலிக்கவில்லையாம்.