20 மாதமாக அடலிமுமாப் ஊசி போட்டுக்கொள்கிறேன், என் அனுபவம்

முதலில் வலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊசி எல்லா முதுகுவலிக்கும் ஆனது அல்ல. எனக்கு 24 வயதில் ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வலியே எழுப்பிவிடும், எழுந்து வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்தால் தளரும், படுத்தால் திரும்ப வந்துவிடும். காலையில் குனிந்து சாக்ஸ் மாட்டும் அளவுக்கு உடம்பு வளைய முக்கால் மணி நேரமாவது ஆகும். ஒரு மாதம் வலது பிட்டத்தில் வலி, அடுத்த மாதம் இடது பக்கம். தசைப்பிடிப்பு, உட்காரும் விதம் சரியில்லை, டிஸ்க் விலகியிருக்கலாம் என்று பார்த்த மருத்துவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள், "நன்றாக ஓய்வெடுங்கள்" என்பதை மட்டும் எல்லோரும் சொன்னார்கள். ஓய்வெடுத்தால்தான் எனக்கு அதிகமாகும் என்று நான் சொன்னதை ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை. ஆறு வருடம் அப்படியே போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஒரு வாதநோய் நிபுணர்தான் கண்டுபிடித்தார். முன்பு எடுத்த எம்.ஆர்.ஐ. முதுகின் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்தது, இவர் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் சேருகிற மூட்டைத் தனியாக எடுக்கச் சொன்னார். அங்கே இரண்டு பக்கமும் எலும்புக்குள் அழற்சி. எச்எல்ஏ-பி27 என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். (இந்த மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் மரபணு இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை, அதனால் அதை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) நோயின் பெயர் ஆன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு மண்டலம், கிருமியே இல்லாத இடத்தில், நாரும் தசைநாணும் எலும்பில் ஒட்டுகிற இடங்களில், ஓயாமல் அழற்சியை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

நேராக ஊசிக்குப் போகவில்லை. முதலில் அழற்சி குறைக்கும் வலி மாத்திரைகள், ஒன்றுக்கு இரண்டு வகை, கூடவே தினமும் உடற்பயிற்சி. ஓரளவுதான் கேட்டது. அதற்குப் பிறகுதான் அடலிமுமாப்.

சரி, இது என்ன செய்கிறது? டிஎன்எஃப் என்று ஒரு புரதம், கட்டிகளை அழிக்கிற பொருளாக 1975-ல் அடையாளம் கண்டு அந்தப் பெயரையே (ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர், கட்டியை அழிக்கும் காரணி) வைத்தார்கள். எதிர்ப்பு மண்டலத்தில் "இங்கே வா, இங்கே வா" என்று மற்ற செல்களைக் கூப்பிடும் முக்கியமான சமிக்ஞைகளில் அது ஒன்று. அடலிமுமாப் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கிற ஒரு ஆன்டிபாடி. இது வலியை மரத்துப்போகச் செய்வதில்லை, வலி உண்டாகிற இடத்திலேயே கூப்பாட்டை நிறுத்துகிறது. அதனால்தான் போட்ட அன்றே எதையும் எதிர்பார்க்கக் கூடாது. 2006-ல் வெளியான ஆய்வில் இந்த நோய் உள்ள 315 பேரிடம் சோதித்துப் பார்த்தபோது, 12 வாரத்தில் குறைந்தது 20 சதவீத முன்னேற்றம் கண்டவர்கள் மருந்து எடுத்தவர்களில் 58 சதவீதம், போலி ஊசி போட்டவர்களில் 21 சதவீதம். வித்தியாசம் பெரியதுதான், ஆனால் மருந்து எடுத்தும் பத்தில் நான்கு பேருக்கு அந்த அளவுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

எனக்குக் கேட்டது. மூன்றாவது ஊசிக்குப் பிறகு ஒரு நாள் கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. இரவு முழுக்கத் தூங்கியிருக்கிறேன் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது, அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இப்போது காலை இறுக்கம் பத்து நிமிடம்தான். ஆனால் சோர்வு பாதிதான் குறைந்தது, அழற்சி போனால் சோர்வும் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இந்த நோயால் ஏற்கெனவே எலும்பு ஒட்டிப்போன இடத்தை இந்த மருந்து பிரித்துக் கொடுக்காது, அதனால் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது அவ்வளவு முக்கியம்.

அப்புறம் பேனா, அதாவது மருந்து நிரப்பியே வரும் பேனா வடிவ ஊசி. மருந்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன், நான் வாங்குகிற பேனாவுக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 40 மி.கி., தொடையிலோ வயிற்றிலோ நாமே போட்டுக்கொள்ளலாம். மூடியைக் கழற்ற நல்ல பிடி வேண்டும், விரல் மூட்டிலும் வலி உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். சத்தம் கேட்டவுடன் எடுத்துவிட்டு, ஒரு முறை பாதி மருந்து தோலில் வழிந்துவிட்டது. பேனாவில் உள்ள சின்ன ஜன்னலில் நிறம் முழுதாக வந்து நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது கையேட்டில் பொடி எழுத்தில் எங்கேயோ இருக்கிறது. சிட்ரேட் என்ற உப்பு சேர்த்த வகை நன்றாக எரியும், சிட்ரேட் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், நான் ஆறு மாதம் தெரியாமல் எரிச்சலைத் தாங்கிக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவே கூடாது. போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் இன்னும் குறையும்.

ஆரம்பிப்பதற்கு முன் காசநோய், மஞ்சள் காமாலை பி பரிசோதனைகளைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய்க் கிருமியைச் சுற்றி எழுப்பிய சுவரைக் காப்பதும் இதே டிஎன்எஃப்தான், அதைத் தடுத்தால் கிருமி வெளியே வர வழி கிடைக்கும். காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசியைப் போடுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிடுவேன். உயிருள்ள கிருமி சேர்த்த தடுப்பூசிகளும் கூடாது.

இது கேட்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது, இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞையைத் தடுக்கும் ஊசிகள். நான் படித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான்: அதே சங்கிலியில் முந்தைய கண்ணியான இன்டர்லூகின்-23-ஐத் தடுக்கிற மருந்துகள் சோரியாசிஸ் தோல் நோயில் அருமையாக வேலை செய்கின்றன, ஆனால் இந்த முதுகெலும்பு நோயில் சோதித்தபோது தோற்றுப்போயின. முதுகெலும்பில் 17 வருவதற்கு 23 தேவையே இல்லையோ என்று ஆராய்ச்சியாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இப்போது ஒரு கவலை இருக்கிறது. இரண்டு மாதமாக, ஊசி போட்ட 12-ஆம் நாளிலேயே இறுக்கம் திரும்ப எட்டிப் பார்க்கிறது. மருந்துக்கு எதிராகவே உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கத் தொடங்கியிருக்கலாம், சிலருக்கு அப்படி நடக்கும். ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க எழுதிக் கொடுத்திருக்கிறார் மருத்துவர், முடிவு வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.