ஃபைல் நகர்த்தும் ஸ்கிரிப்ட்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில் எங்கெங்கே மக்கர் செய்தது

வீட்டில் உபுண்டு லினக்ஸ் ஓடும் கணினி. ஸ்கேன் செய்த பில், ரசீது எல்லாம் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். ராத்திரியில் அவற்றை எக்ஸ்டர்னல் டிஸ்குக்கு நகர்த்த ஒரு சின்ன பாஷ் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஃபைல்), குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக, பல வருடமாக ஓடுகிறது. இது நின்றுபோகும்போதெல்லாம் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஃபைலை நகர்த்தும் எம்வி (mv) கட்டளையைத்தான், ஆனால் கோளாறு பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை என்றால் பாதையை, அதாவது ஃபைலும் கட்டளையும் இருக்கும் இடத்தின் முகவரியைப் பாருங்கள். கிரான் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருந்துதான் வேலையைத் தொடங்கும், எந்தெந்த இடத்தில் கட்டளைகளைத் தேட வேண்டும் என்ற பட்டியலும் அதற்கு மிகச் சிறியது. எல்லா இடத்திலும் முழுப் பாதை கொடுத்து, வருகிற பிழைச் செய்தியையும் ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தெரிந்துவிடும்.

அடுத்தது பெயரில் வரும் இடைவெளி. 'மின் கட்டணம் மார்ச்' என்று ஒரு பிடிஎஃப் இருந்து, ஸ்கிரிப்டில் ஃபைல் பெயரை வைத்திருக்கும் வேரியபிளைச் சுற்றி இரட்டை மேற்கோள் போடவில்லை என்றால் பாஷ் அதை மூன்று துண்டாக வெட்டி மூன்று ஃபைலைத் தேடும். அப்புறம் அனுமதி: நகர்த்துவதற்கு ஃபைலின் எழுதும் அனுமதி முக்கியமில்லை, எடுக்கிற ஃபோல்டரிலும் போடுகிற ஃபோல்டரிலும் எழுத அனுமதி வேண்டும். ஃபைலுக்கு மட்டும் அனுமதியை மாற்றிக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது.

பிழை காட்டி நிற்பதுகூடப் பரவாயில்லை. பிழையே காட்டாமல் போவதுதான் நிஜமான ஆபத்து. போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர் இல்லையென்றால், எம்வி அந்தப் பெயரையே ஃபைலுக்குப் புதுப் பெயராக வைத்துவிடும்; ஒவ்வொரு ஃபைலாக நகர்த்தும் லூப்பில் அடுத்து வரும் ஃபைல் அதன் மேலேயே எழுதப்படும், கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு ஃபைல். ஃபோல்டர் பெயரின் முடிவில் ஒரு சாய்கோடு (/) போட்டாலே போதும், எம்வி பிழை சொல்லி நின்றுவிடும். டிஸ்க் மவுண்ட் ஆகாத, அதாவது கணினியில் ஒரு ஃபோல்டர் வழியாக இணையாத நாளில் இன்னொரு கூத்து: வெற்று மவுண்ட் ஃபோல்டர் இருக்கும், அதில் எழுத அனுமதியும் இருந்தால் எல்லாம் கணினியின் சொந்த டிஸ்கிலேயே போய் விழும், பிறகு மவுண்ட் செய்ததும் கண்ணுக்கே தெரியாது. அதனால் என் ஸ்கிரிப்டின் முதல் வேலையே மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சரிபார்ப்பதுதான், டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே வெளியேறிவிடும்.

ஒரே பார்ட்டிஷனுக்குள் (டிஸ்கில் பிரித்து வைத்த ஒரு பகுதிக்குள்) எம்வி செய்வது வெறும் பெயர் மாற்றம், நொடியில் முடியும். வேறு டிஸ்க் என்றால் முழுக்கக் காப்பி எடுத்துவிட்டுத்தான் பழையதை அழிக்கும், நடுவில் கரண்ட் போனால் அரைகுறை ஃபைல் ஒன்று அங்கே முழுப் பெயரோடு உட்கார்ந்திருக்கும். இதற்காகவே, ஃபைல்களைக் காப்பி எடுக்கும் ஆர்சிங்க் (rsync) கட்டளைக்கு மாறினேன். தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகுதான் அது நிஜப் பெயர் வைக்கும், மூல ஃபைலை நீக்கும் ஆப்ஷன் கொடுத்தால் சரியாகப் போய்ச் சேர்ந்ததை மட்டும்தான் நீக்கும். பெரிய ஃபைல்களை வேறு டிஸ்குக்குத் தள்ளுகிறவர்கள் எம்வியை விட்டுவிட்டு இதற்கே வந்துவிடுங்கள் என்பேன். ஸ்கேனர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை மட்டும் இதுவும் கண்டுகொள்ளாது, அதற்கு ஃபைல்களைத் தேடும் ஃபைண்ட் கட்டளையில் நிமிடக் கணக்கு வைத்து, இரண்டு நிமிடத்துக்குள் மாறிய ஃபைல்களை ஒதுக்கிவிடுகிறேன்.