துணைக்கு விசா: எந்த நாடு யாருடைய பணத்தைப் பார்க்கிறது?

மும்பை செம்பூரில் அண்ணன் வீடு. போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேஜை முழுக்க அண்ணன் மகளின் சம்பளச் சீட்டுகள், பேங்க் ஸ்டேட்மென்டுகள், கல்யாணப் பதிவுச் சான்றிதழின் நாலு நகல்கள். அவளுக்கு மாதச் சம்பளம் ரூ. 1,60,000. மே மாதம் கல்யாணமான கணவர் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறார், நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர், ஆண்டுச் சம்பளம் 26,500 பவுண்டு.

"ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டினா விசாவுக்குக் கேட்கிற வருமான வரம்பைத் தாண்டிடுது இல்லையா சித்தப்பா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணியின் தம்பி, முலுண்டிலிருந்து வந்திருந்தவர், "அதையெல்லாம் எதுக்கும்மா கூட்டிக்கிட்டு? அங்க நல்லா சம்பாதிக்கிற ஒருத்தரை ஜாயிண்ட் ஸ்பான்சரா கையெழுத்துப் போடச் சொன்னாப் போதும். நம்ம பையனுக்கு அப்படித்தானே பண்ணினோம்" என்றார்.

அவள் கேட்டதும் நடக்காது, அவர் சொன்னதும் நடக்காது. மாமா மேல் குற்றமில்லை. அவர் சொன்னது அமெரிக்காவுக்கு நூற்றுக்கு நூறு சரி. ஆனால் விண்ணப்பம் போகப்போவது பிரிட்டனுக்கு. இருபது வருடமாக ஆடிட்டர் ஆபீஸில் இருப்பதால் மாட்டுங்கா, தாராவி, செம்பூர் என்று தெரிந்தவர்கள் ஃபைலோடு என்னிடம் வருவார்கள். அவற்றில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான்: ஒரு நாட்டில் சொந்தக்காரருக்குப் பலித்த வழியை அப்படியே இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோவது. எவ்வளவு வருமானம் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாருடைய பணம், எந்த வடிவத்தில், எத்தனை நாளாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. நாடுகள் பிரிவது அங்கேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணவர் அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்து, அவரைச் சார்ந்து போகிறவருக்கான எச்-4 விசாவில் மனைவியை அழைக்கிறார் என்றால் இந்த வருமான வரம்பு பொருந்தாது. பிரிட்டனில் ஸ்கில்ட் வொர்க்கர் என்ற வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பொருந்தாது. அங்கே 285 பவுண்டு 28 நாளாகக் கையிருப்பில் இருந்ததைக் காட்டுவதுதான் பேச்சு. நான் சொல்லப்போவது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவர் தன் துணையை அழைக்கும் விஷயம்.

அமெரிக்காவிலிருந்து தொடங்கலாம், மாமாவின் அனுபவம் அதுதானே. அழைப்பவர் ஐ-864 என்ற ஆதரவு உறுதிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வருமானம் அந்நாட்டு வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025-ன் கணக்குப்படி இரண்டு பேர் குடும்பத்துக்கு 26,437 டாலர், மூன்று பேருக்கு 33,312. அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் தனிக் கணக்கு. ஒவ்வொரு வருடமும் இது மாறும். மாமாவின் மகன் அமெரிக்கக் குடிமகன். டெக்சாஸில் சொந்தத் தொழில் தொடங்கிய முதல் வருடம் என்பதால், செலவெல்லாம் போக வரிக் கணக்கில் நின்றது 17,000 டாலர்தான். குறை 9,437.

அமெரிக்கா இந்தக் குறையை நிரப்பப் பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, சொத்து. குடிமகன் தன் துணையை அழைத்தால் குறையைப் போல் 3 மடங்கு சொத்து காட்டினால் போதும். இந்தக் கணக்கில் 28,311 டாலர். கிரீன் கார்டுதாரர் என்றால் 5 மடங்கு. ஒரு வருடத்துக்குள் பணமாக்க முடிகிற சொத்தாக இருக்க வேண்டும். இங்கே ஒரு நல்ல விஷயம், போகிற பெண்ணின் பெயரில் உள்ள சேமிப்பும் சேரும். அவளுடைய மும்பைச் சம்பளம் மட்டும் சேராது. அங்கே போன பிறகும் அதே வேலையிலிருந்து அந்த வருமானம் தொடரும் என்று காட்டினால்தான் உண்டு.

இரண்டாவது கதவு, ஜாயிண்ட் ஸ்பான்சர். குடிமகனாகவோ கிரீன் கார்டுதாரராகவோ இருந்து அமெரிக்காவில் வசிப்பவர் யாரும் முன்வரலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தன் குடும்பத்தையும் வரப்போகிறவரையும் சேர்த்து எண்ணி, அந்த முழு வரம்பைத் தனியாகவே தாண்ட வேண்டும். மாமாவின் மகனுக்குக் கையெழுத்திட்ட டாலஸ் நண்பருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வரப்போகிற பெண்ணோடு ஐந்து பேர், 47,062 டாலர். நண்பரின் சம்பளம் அதைவிட நிறைய இருந்தது. இங்கே பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் துணைத் தூதரகத்தில் நேர்காணல் முடிந்து மருமகள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஆனால் அந்த நண்பர் எதில் கையெழுத்திட்டார் என்பதை யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அது சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். அந்தப் பெண் குடியுரிமை பெறும் வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு கணக்கில் சேரும் வரை, அதாவது ஏறத்தாழ 10 வருடம், பொறுப்பு ஓயாது. நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறினாலோ இறந்தாலோதான் அதற்கு முன் முடியும். விவாகரத்து ஆனாலும் கையெழுத்திட்டவரை அது விடுவிக்காது. நண்பரிடம் கையெழுத்து கேட்கப் போகிறவர்கள், காபி குடித்துக்கொண்டே கேட்டாலும் சரி, இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மும்பைக்குத் திரும்பி வந்து இங்கேயே வேலை பார்க்கும் அமெரிக்கக் குடிமக்களுக்கு இன்னொரு சிக்கல்: அமெரிக்காவில்தான் தங்கள் வசிப்பிடம் என்று நிரூபிக்க வேண்டும், அல்லது திரும்பி அங்கே குடியேறப்போவதைக் காட்ட வேண்டும். இங்கே வாங்கும் சம்பளம் திரும்பியதும் நின்றுவிடும் என்றால் அதுவும் உதவாது.

இப்போது பிரிட்டன். 2012-லிருந்து 18,600 பவுண்டாக இருந்த வரம்பு 2024 ஏப்ரல் 11-ம் தேதி 29,000 ஆனது. அதை 38,700 வரை கொண்டுபோகும் திட்டம் ஆட்சி மாறியதும் நிறுத்தி வைக்கப்பட்டது. குடிவரவு ஆலோசனைக் குழு 2025 ஜூனில் கொடுத்த அறிக்கை இதைவிடக் குறைவான வரம்புகளையும் பேசியது. அதை நம்பிக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதிதான் உங்களுக்கு.

ஜாயிண்ட் ஸ்பான்சர் என்ற ஏற்பாடே அங்கே கிடையாது. மிக விதிவிலக்கான நிலைமை இருந்தாலொழிய, மாமனார், அண்ணன், நண்பர் யாருடைய வருமானத்தையும் பார்க்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து போகிற துணையின் சம்பளமும் சேராது. லண்டனில் வேலை உறுதிக் கடிதம் கையில் இருந்தாலும் சேராது. அண்ணன் மகள் மாதம் மூன்று லட்சம் வாங்கினாலும் இதே பதில்தான். அதைக் கேட்டதும் அவள் முகம் வாடியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உழைத்துச் சம்பாதிக்கிற பெண்ணின் பணத்துக்கு மதிப்பே இல்லை என்கிற மாதிரி ஒரு விதி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஆனால் அவளுடைய சேமிப்புக்கு மதிப்பு உண்டு. இங்கேதான் நம் ஊர்க் குடும்பங்களுக்கு வழி இருக்கிறது. சம்பளமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டினால் 88,500 பவுண்டு வேண்டும், ஒரு கோடி ரூபாயைத் தாண்டும். சம்பளத்தில் கொஞ்சம் குறைகிறது என்றால், அந்தக் குறையை 2.5-ஆல் பெருக்கி 16,000 கூட்ட வேண்டும். மருமகனுக்குக் குறை 2,500 பவுண்டு. பெருக்கினால் 6,250. கூட்டினால் 22,250 பவுண்டு, அன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய ரூ. 26½ லட்சம். அவர் சம்பளக்காரர் என்பதால் இது முடிந்தது. சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பை இப்படிச் சேர்க்க முடியாது.

அப்புறம் அந்தப் பணம் எப்படி இருக்க வேண்டும் என்பது. தம்பதியின் கையில் 6 மாதம் குறையாமல் இருக்க வேண்டும். சராசரி எடுக்க மாட்டார்கள். ஆறு மாதத்தில் எந்த நாளில் இருப்பு மிகக் குறைவோ அதுதான் உங்கள் தொகை. அண்ணன் முதலில் மகளின் பி.பி.எஃப். புத்தகத்தை நீட்டினார், எட்டு லட்சம் இருந்தது. கேட்டவுடன் எடுக்க முடியாத பணம் என்பதால் அது உதவாது. எஃப்.டி. உதவும், இடையில் உடைத்தால் வட்டி குறையும் என்றாலும் பரவாயில்லை, உடைக்க முடிய வேண்டும், அவ்வளவுதான். மியூச்சுவல் ஃபண்டை விற்றுப் பணமாக்க வேண்டும். ஆறு மாதமாக அதே மதிப்புக்குக் குறையாமல் அவர்களிடம் இருந்தது என்று காட்டினால் மறுபடி காத்திருக்க வேண்டாம். நகை கணக்கில் வராது. பெற்றோர் கொடுக்கலாம், கடனாக இல்லாமல் அன்பளிப்பாக. ஆனால் அதுவும் தம்பதியின் கணக்கில் ஆறு மாதம் இருக்க வேண்டும்.

ஸ்டேட்மென்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். மே 19-ல் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் பாக்கி தீர்த்த இடத்தில் இருப்பு ரூ. 41,000. ஜூனில் மறுபடி ஏறியிருந்தது. அந்த ஒரு வரியை யாரும் கவனிக்கவில்லை. செப்டம்பரிலேயே விண்ணப்பித்திருந்தால் மறுத்திருப்பார்கள். 2025 ஏப்ரலில் உயர்ந்த விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டும் திரும்பாது. 3,105 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணம் மட்டும் திரும்பும்.

கனடாவுக்குத் துணையை அழைப்பவர்கள் இதைப் படித்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அங்கே துணைக்குக் குறைந்தபட்ச வருமான வரம்பே பெரும்பாலும் கிடையாது. கூடப் போகும் பிள்ளைக்கே ஒரு பிள்ளை இருந்தால்தான் அந்தப் பேச்சு வரும். கியூபெக்கில் நடைமுறை வேறு. அழைப்பவர் ஊனமுற்றோர் உதவி தவிர்த்த அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது, திவாலாகித் தீராமல் இருக்கக் கூடாது, 3 வருடத்துக்குத் துணையின் தேவைகளைப் பார்த்துக்கொள்வதாக எழுதித் தர வேண்டும். பெற்றோரை அழைப்பதற்கு உள்ள கடுமையான வருமானக் கணக்கோடு இதைக் குழப்பிக்கொண்டு, பயந்து ஒரு வருடம் தள்ளிப்போட்ட தம்பதியைத் தாராவியில் எனக்குத் தெரியும். கனடியக் குடிமகன் மும்பையில் இருந்தபடியே அழைக்கலாம், திரும்பிக் குடியேறும் எண்ணத்தைக் காட்டினால் போதும். பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமை மட்டும் உள்ளவர் கனடாவில் வசித்தே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் நிலையான வருமான வரம்பு இல்லை. ஆனால் விண்ணப்பக் கட்டணமே 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றையும் வைத்துப் பார்த்தால், அழைப்பவரின் சம்பளம் குறைவு, அங்கே நல்ல நண்பர்கள் உண்டு என்பவருக்கு அமெரிக்க விதி இரக்கமுள்ளது. நண்பர் இல்லை, ஆனால் இங்கே குடும்பத்தில் சேமிப்பு இருக்கிறது என்றால் பிரிட்டனையும் சமாளிக்கலாம். இரண்டும் இல்லாதவருக்குக் கனடாதான் கதவைத் திறக்கிறது. ஆனால் நாட்டை யாரும் விதியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, துணை இருக்கிற ஊர்தான் நாடு. அதனால் அந்தந்த நாட்டு விதியை அதன் அரசு இணையதளத்தில் நீங்களே வாசித்துவிடுங்கள், முலுண்ட் மாமாவிடமும் என்னிடமும் கேட்பதற்கு முன்னால்.

அன்று மாலை கணக்கு இப்படி முடிந்தது. மகளின் எஃப்.டி. 12 லட்சம், மருமகனின் சேமிப்பு 6,000 பவுண்டு, மீதிக்கு அண்ணன் 9 லட்சம். விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விலையில்தான் ரூபாயைப் பவுண்டாக்குவார்கள் என்பதால் ஒன்றரை லட்சம் கூடுதலாக வைக்கச் சொன்னேன். அன்பளிப்புக் கடிதத்தில் அண்ணன் அப்போதே கையெழுத்திட்டார். செப்டம்பர் 15-ம் தேதி பணம் மகளின் கணக்குக்கு மாறியது. மார்ச் 15 தாண்டியதும் புதிய ஸ்டேட்மென்ட் எடுத்து, அது 28 நாள் பழசாவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அண்ணியின் பீரோவில் இருக்கிறது.